வலிப்புக்குக் கீட்டோ உணவு: தூக்கம் என்ன ஆகும்? பெரியவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை வரை, வலிப்பு சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களில் டாக்டர் சொல்லிக் கீட்டோ உணவு தொடங்குகிறவர்களுக்கு, நம் வீட்டுச் சமையலில் அதை எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. மாதத்தில் எத்தனை வலிப்பு வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ராத்திரி எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்பவர் குறைவு. ஆனால் நோயாளியும் கூடப் படுக்கிறவர்களும் என்னிடம் அதிகம் பேசுவது தூக்கத்தைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கீட்டோ என்பது எடை குறைக்கிற டயட் இல்லையா? அதற்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்?

எடை குறைப்புக்கு அது வந்து சேர்ந்தது பிற்பாடு. முதலில் அது வலிப்பு மருந்து. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பதைக் கவனித்த பிறகு, பட்டினி போடாமலே உடலை அந்த நிலைக்குக் கொண்டுபோக 1921-ல் அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்த உணவுமுறை இது. மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பை அதிகமாக்கினால், கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற பொருளைச் செய்கிறது. மூளை குளுக்கோஸுக்குப் பதிலாகப் பெருமளவு அதை எரித்து வேலை செய்கிறது.

பெரியவர்களுக்கு இப்போது அதிகம் கொடுப்பது மாற்றியமைத்த அட்கின்ஸ் முறை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2003 வாக்கில் உருவானது. நாளுக்குச் சுமார் 20 கிராம் மாவுச்சத்து, மீதி கொழுப்பும் புரதமும். ஒரு கப் சோற்றில் மட்டும் 45 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. நூறு கிராம் மரச்சீனிக் கிழங்கில் (மரவள்ளி) 35 கிராமுக்கு மேல். ஒரு நாள் கணக்கு ஒரு தட்டிலேயே தாண்டிவிடும்.

இது குழந்தைகளுக்குத்தானே? முப்பது நாற்பது வயதில் பலன் இருக்குமா?

இருக்கும், எல்லோருக்கும் இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள பத்து வயதுக்கு மேற்பட்ட 160 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டார்கள். மருந்தோடு இந்த உணவையும் எடுத்தவர்களில் ஆறு மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 26 சதவீதம். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 2.5 சதவீதம். நாலில் ஒருவருக்கு நல்ல பலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல மருந்துகள் பார்த்துக் கைவிட்ட ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதோடு, நம் நாட்டுச் சாப்பாட்டை வைத்து நம் நாட்டு ஆட்களிடம் கிடைத்த பலன் என்பதால் நான் அதை அடிக்கடி எடுத்துச் சொல்வேன்.

தூக்கம் கெட்டால் வலிப்பு வருகிறதா, வலிப்பால் தூக்கம் கெடுகிறதா?

இரண்டும் நடக்கிறது. ஒரு ராத்திரி கண் விழித்தால் மறுநாள் வலிப்பு வருவது பலருக்கு அனுபவத்தில் தெரியும். கோயில் கொடைக்கு விடிய விடிய நின்றுவிட்டு, காலையில் பல் தேய்க்கும்போது கையிலிருந்து பிரஷ் தெறித்து விழும். இளம் வயதில் தொடங்கும் மயோக்ளோனிக் வலிப்பின் அடையாளமே எழுந்த கொஞ்ச நேரத்தில் வரும் அந்த வெட்டல்தான். வேறு சில வகைகள், முக்கியமாக மூளையின் முன்பகுதியில் தொடங்குபவை, தூக்கத்திலேயே வரும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கூட அது கெட்ட கனவு என்று தோன்றும். நோயாளிக்கு ஒன்றும் நினைவு இருக்காது. காலையில் உடம்பு முறித்துப் போட்டதுபோல் வலி, நாக்கில் கடித்த புண், நனைந்த படுக்கை, இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தூக்கம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. மேலோட்டமான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், அப்புறம் கண் இமைக்குள் விழி வேகமாக அசையும் கனவுத் தூக்கம் என்று ஒரு ராத்திரியில் பல சுற்று வருகிறது. மூளை அலைகள் ஒன்றாகச் சேர்ந்து எழும் முதல் இரண்டு வகையில் வலிப்பு கிளம்புவது எளிது. கனவுத் தூக்கத்தில் அது மிக அரிது. எனவே ஒருவருக்குக் கனவுத் தூக்கம் கூடுகிறதா குறைகிறதா என்பது வலிப்புக்காரருக்கு வெறும் ஆர்வக் கேள்வி இல்லை.

சரி, கீட்டோ உணவு தூக்கத்தைக் கூட்டுமா, குறைக்குமா?

மொத்த நேரத்தைச் சற்றுக் குறைக்கலாம், தரத்தைக் கூட்டலாம். இதைக் கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள். விவரமாகச் சொல்கிறேன்.

2007-ல் சுவீடனில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 18 குழந்தைகளை, உணவு தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும், ராத்திரி முழுக்க மூளை அலையைப் பதிவுசெய்து பார்த்தார்கள். மொத்தத் தூக்க நேரம் குறைந்திருந்தது. ஆழ்ந்த தூக்கம் அப்படியே இருந்தது. இரண்டாம் நிலை எனப்படும் மேலோட்டத் தூக்கம் குறைந்து, கனவுத் தூக்கம் கூடியிருந்தது. ஒரு வருடம் தொடர்ந்த 11 பேரிடம் பகல் தூக்கமும் குறைந்திருந்தது. கனவுத் தூக்கம் கூடிய அளவுக்கு அவர்களின் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டிருந்தது. வலிப்பு கிளம்ப வசதியான தூக்கம் குறைந்து, கிளம்பாத தூக்கம் கூடியிருக்கிறது என்று இதை நான் படிக்கிறேன்.

பெரியவர்களிடம் இப்படி மூளை அலையைப் பதிவுசெய்து பார்த்த ஆய்வுகள் குறைவு. 2008-ல் வெளியான ஒன்றில், வலிப்பே இல்லாத ஆரோக்கியமான 14 ஆண்களுக்கு மாவுச்சத்து மிகக் குறைந்த உணவைச் சில நாட்கள் கொடுத்துப் பார்த்தபோது, ஆழ்ந்த தூக்கம் கூடியது, கனவுத் தூக்கம் குறைந்தது. குழந்தைகளிடம் கண்டதற்கு நேர் எதிராகத் தெரியும். ஆனால் ஒன்று சில நாள் பார்த்தது, மற்றது மாதக்கணக்கில் பார்த்தது. ஒன்றில் வலிப்பு இல்லை, மற்றதில் வலிப்பு குறைந்ததால் கிடைத்த லாபமும் கலந்திருக்கிறது. அதனால் முதல் வாரத் தூக்கத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

என்னிடம் வருகிற பெரியவர்கள் முதலில் சொல்லும் மாற்றம் ராத்திரியைப் பற்றியதாக இருக்காது. "மத்தியானம் கண் சொருகுவது நின்றுபோச்சு" என்பார்கள். சோறு இல்லாத மதியத்தின் பங்கும் அதில் இருக்கலாம், ராத்திரி தடையில்லாமல் தூங்கியதன் பங்கும் இருக்கலாம். தொடங்கிச் சில வாரங்களில் அது வந்துவிட்டால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

எப்படி இந்த மாற்றம் வருகிறது?

ஒரே வழியாக வருவதில்லை. ராத்திரி வலிப்பு குறைந்தாலே தூக்கம் உடைவது குறையும். வலிப்பு அடங்கிய பிறகு டாக்டர் மந்தம் தரும் மருந்தைக் குறைத்தால் பகல் தெளியும். எடை குறைந்தால் குறட்டையும் மூச்சடைப்பும் குறையும்.

இவற்றுக்கு மேல் அடினோசின் என்ற பொருள் இருக்கிறது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் சேர்ந்து, தூக்கத்தை இழுத்து வருவது அதுதான். மூளை செல்களின் துடிப்பை அடக்குவதும் அதுவே. கீட்டோ உணவு அடினோசினின் இந்த அடக்கும் வேலையைக் கூட்டுகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். காப்பியும் சாயாவும் விரட்டுவது இதே அடினோசினின் வேலையைத்தான்.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், கீட்டோ தொடங்கியவர்களில் பலர் சர்க்கரை போட்ட பால் சாயாவை விட்டுவிட்டுக் கட்டன்சாயாவுக்கு மாறுகிறார்கள். அதில் மாவுச்சத்து இல்லையே என்று நாளெல்லாம் குடிக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கும், தூக்கம் மட்டும் வராது. மதியத்துக்கு மேல் சாயாவும் காப்பியும் வேண்டாம்.

தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. ராத்திரி கண்ணே மூடவில்லை. விட்டுவிடட்டுமா?

விட வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் இப்படி இருப்பது உண்டு. பெரும்பாலும் காரணம் கண்டுபிடிக்கக் கூடியதாகவே இருக்கும்.

மாவுச்சத்து குறைந்ததும் உடல் உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். தலைவலி, படபடப்பு, கெண்டைக்கால் சுருட்டிப் பிடிப்பது எல்லாம் அதனால்தான். எலும்பு சூப்போ, உப்புப் போட்ட தெளிந்த ரசமோ குடித்தால் பலருக்கு அன்றைக்கே சரியாகும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: கார்பமாசெப்பின், ஆக்ஸ்கார்பசெப்பின் என்ற வலிப்பு மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு. அவர்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் சோடியம் இன்னும் குறைந்து, அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

அடுத்த காரணம், ராத்திரிச் சாப்பாடு. கொழுப்பு வயிற்றில் அதிக நேரம் தங்கும். ஒன்பதரைக்குப் பொரித்த மீனும் தேங்காய் அரைத்த குழம்பும் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் நெஞ்செரிச்சல் எழுப்பிவிடும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். பெரிய கொழுப்புப் பங்கைக் காலைக்கும் மதியத்துக்கும் தள்ளுங்கள். ராத்திரிக்கு இரண்டு முட்டை, தேங்காய்த் துருவல் தூக்கலாகப் போட்ட முட்டைக்கோஸ் துவரன், கொஞ்சம் சாளை போதும்.

மலச்சிக்கலும் தூக்கத்தைக் கெடுக்கும். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பலர் மறைக்கிறார்கள். கீரை, வாழைப்பூ, போதுமான தண்ணீர், அதற்கும் அடங்காவிட்டால் சர்க்கரை இல்லாத மலமிளக்கி என்று வழி இருக்கிறது.

மூன்று வாரம் தாண்டியும் தூக்கம் வராவிட்டால் மருந்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். லாமோட்ரிஜின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். லெவெடிரசெட்டம் சிலருக்கு மந்தத்தையும் சிலருக்கு எரிச்சலையும் தரும். உணவின் மேல் போடும் பழி பல நேரம் மாத்திரை நேரத்தின் மேல் போட வேண்டியதாக இருக்கும். அதை மாற்றுவது டாக்டர் வேலை.

என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மூன்று மணிக்கு எழும்புவார். இந்த உணவு அவருக்கு ஒத்துவருமா?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருவது. விடிவதற்கு முன் மரத்தில் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். அதனால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கையில் வெட்டுக்கத்தியோடு, இருட்டில் தனியாக மரம் மரமாகப் போகிறார்கள். வலிப்புள்ள ஒருவருக்குத் தூக்கக்குறைவு, எழுந்தவுடன் வேலை, கூர்மையான கத்தி, பக்கத்தில் ஆள் இல்லாமை, நான்கும் ஒரே நேரத்தில் சேருகிறது. எந்த உணவும் இதை ஈடுகட்டாது.

வேலையை விடு என்று சொல்வது எளிது. கூலி போனால் வீடு எப்படி ஓடும் என்று எனக்கும் தெரியும். அதனால் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். மூன்று மணிக்கு எழும்புகிறவர் எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டும். அப்படியென்றால் ஐந்து மணிக்குக் கடைசிச் சாப்பாடு. டிவியும் விருந்தாளியும் அவருக்காக அல்ல. பகல் தூக்கம் வேண்டுமென்றால் பதினொரு மணிவாக்கில் முக்கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். வெட்டு இல்லாத நாளிலும் படுக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். வெறும் வயிற்றில் காட்டுக்குள் போகாமல் தேங்காய்ப்பாலோ அவித்த முட்டையோ சாப்பிட்டுப் போகட்டும். பால் எடுக்கும் ஆளோ பக்கத்துத் தோட்டத்துக்காரரோ யாராவது ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும்.

உணவைத் தொடங்க நல்ல காலம், இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தி வைக்கும் தை மாசி. முதல் வாரங்களின் தூக்கக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும். நடுவில் தொடங்க வேண்டி வந்தால், வலிப்பு எப்படி இருக்கிறது என்று தெரியும் வரை கத்தியைத் தொடாமல் ரப்பர் ஷீட் உலர்த்துவது போன்ற வேலை கேட்டு வாங்க முடியுமா என்று முதலாளியிடம் பேசுங்கள். ஷீட் அடிக்கும் மெஷினில் கை கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

நம் ஊரில் தேங்காய் எண்ணெய்தான். அதுவே இந்த உணவுக்குப் போதும் என்கிறார்களே?

பாதி சரி. தேங்காய் எண்ணெயில் இருக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (மூலக்கூறு நீளம் குறைந்த கொழுப்பு) சீக்கிரம் கீட்டோனாக மாறும் என்பது உண்மை. அதை வைத்தே 1971-ல் ஒரு தனி உணவுமுறை வந்தது. ஆனால் அதில் பயன்படுத்துவது கேப்ரிலிக், கேப்ரிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள் நிறைந்த பிரத்யேக எண்ணெய். தேங்காய் எண்ணெயில் அந்த இரண்டும் சேர்ந்து நூற்றுக்குப் பதினைந்துக்குள்தான். பாதியளவு லாரிக் அமிலம், அது அவ்வளவு வேகமாகக் கீட்டோன் ஆகாது. ஆகவே தேங்காய் எண்ணெய் நல்ல சமையல் கொழுப்பு, மருந்து எண்ணெய்க்கு மாற்று இல்லை. ராத்திரி படுக்கும்முன் மூன்று கரண்டி எண்ணெயைக் குடிப்பதால் தூக்கம் வராது, வயிற்றுப்போக்கு வரும். கொலஸ்ட்ரால் பரிசோதனையும் தவறாமல் எடுக்க வேண்டும்.

தூக்கத்துக்கு அரிஷ்டம், லேகியம் சாப்பிடலாமா? கருப்பட்டியும் தேனும் இயற்கைதானே?

எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்தியசாலைகள் அதிகம் என்பதால் இது அடிக்கடி வரும் கேள்வி. அரிஷ்டத்தில் வெல்லமும், அது நொதித்து உண்டாகும் ஆல்கஹாலும் இருக்கிறது. லேகியம் வெல்லப்பாகில் கிண்டுவது. இரண்டும் கீட்டோனைக் கீழே இறக்கும். ஆல்கஹால் முதலில் கண்ணைச் சொருக வைத்துவிட்டுப் பின்னிரவுத் தூக்கத்தை உடைக்கும், வலிப்பு மருந்தோடும் மோதும். கள்ளுக்கும் பிராந்திக்கும் இதே பதில். கருப்பட்டி, மார்த்தாண்டம் தேன், மட்டிப்பழம், ஏத்தன்பழம் எல்லாம் நல்ல பொருள்கள், இந்த உணவில் இடமில்லாத பொருள்கள். இருமல் சிரப்பும் அப்படியே. சர்க்கரை இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள்.

ராத்திரி பலமான குறட்டை. அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பெரியவர்களிடம் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு அடிக்கடி காணப்படுகிறது. வால்ப்ரோயேட் போன்ற மருந்துகளால் எடை கூடினால் இன்னும் அதிகம். மூச்சு நிற்கும்போதெல்லாம் தூக்கம் உடையும், வலிப்பு கூடும். எடை குறைவது உதவும், ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

யாருக்கு இந்த உணவு கூடாது?

கொழுப்பை எரிப்பதில் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள், கார்னிட்டின் குறைபாடு, பைருவேட் கார்பாக்சிலேஸ் குறைபாடு, போர்பைரியா உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான கீட்டோ அமில நிலை வரலாம். டோபிராமேட், சோனிசமைடு என்ற வலிப்பு மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரகக் கல் வாய்ப்பு கூடும். கர்ப்பிணிகள் தாங்களாகத் தொடங்கவே கூடாது. யூடியூப் பார்த்துத் தொடங்குகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வலிப்பு குறைந்துவிட்டது. மாத்திரையை நாங்களே குறைக்கலாமா?

கூடாது. ஒரு வேளை தவறினாலும் ஆபத்து. குளோபாசம், பினோபார்பிட்டோன் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பே வரலாம்.

ராத்திரி தூக்கத்தில் வலிப்பு வந்தால் வீட்டார் என்ன செய்ய வேண்டும்?

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலையணையை எடுத்துவிடுங்கள், முகம் துணியில் புதைய விடாதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் நிற்காது. மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ். ராத்திரி வலிப்பு வருகிறவர் தனியறையில் படுக்காமல் இருப்பது நல்லது. வலிப்புக்காரர்களின் திடீர் மரணங்களில் பல ராத்திரியில், ஆள் இல்லாதபோது, கவிழ்ந்த நிலையில் நடக்கின்றன. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரே அறையில் இன்னொரு பாய் விரிப்பது செலவில்லாத பாதுகாப்பு.

எத்தனை நாள் பார்க்க வேண்டும்? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

குறைந்தது மூன்று மாதம். அதற்குள் வலிப்பிலும் மாற்றமில்லை, தூக்கத்திலும் மாற்றமில்லை என்றால் டாக்டரோடு பேசி மெதுவாக நிறுத்தலாம். நடுவில் கல்யாண வீட்டு சத்யா விருந்தில் ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம், அடுத்த வேளையே திரும்பிவிடுங்கள். சிலருக்கு அந்த ஒரு நாளிலேயே வலிப்பு வரும் என்பதால் அன்று ராத்திரித் தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொண்டுபோக வேண்டியது ஒரு குறிப்பு. பத்துகாணி பக்கத்து அக்கா ஒருவர் தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி, நூல் கோத்துக் கொண்டுவந்தார். கணவர் படுத்த மணி, எழுந்த மணி, இடையில் விழித்த நேரம், வலிப்பு வந்தால் எந்தக் கை முதலில் வெட்டியது, பகலில் உட்கார்ந்தபடி தூங்கினாரா, கடைசிச் சாயா எப்போது, சிறுநீரில் கீட்டோன் பட்டையின் நிறம். ஒரு தாளில் "1.15 மூத்திரம், 3.40 மூத்திரம்" என்று இருந்தது. அடுத்தடுத்த தாள்களிலும் அதுவே. வேலைக்குப் போன இடத்தில் தண்ணீர் குடிக்காமல், வீட்டுக்கு வந்து ராத்திரியில் மொத்தமாகக் குடித்துக்கொண்டிருந்தார் கணவர். தண்ணீரைப் பகலுக்கு மாற்றியதும் விழிப்பது நின்றது. டாக்டர் புது மாத்திரை எழுத வேண்டி வரவில்லை.

அந்தக் குறிப்போடு சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அந்தக் குப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வலிப்பு எப்படி வருகிறது என்று போனில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும் காட்டுங்கள். கூடப் படுப்பவர்தான் கூடப் போக வேண்டும், ஏனென்றால் டாக்டர் கேட்கும் பாதிக் கேள்விக்கு அவருக்குத்தான் பதில் தெரியும்.